ஐயன் மெய்டன் 'ஃப்ளைட் 666' டிவிடி: டிரம்ஸுக்குப் பின்னால் இருந்தவர்

பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் இசைக்குழுவான ஐயன் மெய்டனின் ஃப்ளைட் 666 இரட்டை டிவிடி கைக்கு வந்தால், கச்சேரிப் பாட்டுகள் இருக்கும் இரண்டாவது டிஸ்க்கை முதலில் போடுங்கள். முதல் டிஸ்க்கில் இருப்பது 2008 தொடக்கத்தில் ஐயன் மெய்டன் உலகம் சுற்றிய கதை: 45 நாள், 23 கச்சேரி. போயிங் 757 ஒன்றின் பின்பக்க இருக்கைகளைக் கழற்றிவிட்டு மேடைச் சாமான்களை ஏற்றிக்கொள்கிறார்கள். பாடகர் புரூஸ் டிக்கின்சனே பைலட். ஒரு தடவை ரசித்துப் பார்க்கலாம். கொலம்பியாவின் போகோட்டாவில் டிரம்மர் நிக்கோவின் டிரம்ஸ் குச்சி கிடைத்த ரசிகர் ஒருவர் அழுதுகொண்டு நிற்பார். அந்த ஆளை எனக்கு நன்றாகத் தெரியும், எங்கள் ஹாஸ்டலிலும் ஒருவன் இருந்தான்.

நான் இவர்களை நேரில் பார்த்தது அதற்கு முந்தைய ஆண்டு, 2007 மார்ச் 17, பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸில். இந்தியாவில் அவர்களுக்கு அதுதான் முதல் கச்சேரி. சென்னையிலிருந்து ராத்திரி ரயிலில் போனோம். மார்ச் வெயிலிலும் திரும்பின பக்கமெல்லாம் கறுப்பு டிஷர்ட். முதலில் டெல்லியின் ராக் இசைக்குழு பரிக்ரமா வயலினோடு வந்து கூட்டத்தைச் சூடேற்றிவிட்டுப் போனது. அப்புறம் மெய்டன். 'ஃபியர் ஆஃப் தி டார்க்' வந்ததும் கிட்டார் மெட்டை மொத்தக் கூட்டமும் 'ஓ ஓ' என்று பாட ஆரம்பித்தது. எனக்குக் கிட்டாரே கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத அண்ணன் ஒருவரின் கட்டைக்குரல்தான் கேட்டது, அதுவும் சுருதி சேராமல்.

டிவிடியில் அந்தச் சத்தம் இல்லை. மிக்ஸிங் செய்த கெவின் ஷர்லி ஒவ்வொரு வாத்தியத்தையும் துல்லியமாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார், கூட்டத்தை மட்டும் கொஞ்சம் தள்ளி நிற்க வைத்துவிட்டார்.

ஆனால் நிக்கோ மெக்பிரெயின் கிடைக்கிறார்! பெங்களூருவில் அவரை நான் பார்க்கவே இல்லை. டிரம்ஸையும் சிம்பல்களையும் கோட்டைச் சுவர் மாதிரி சுற்றி அடுக்கிக்கொண்டு உட்காரும் மனிதர் அவர். கீழே நிற்பவனுக்கு எப்போதாவது குச்சி நுனி தெரியும், அவ்வளவுதான். அவர் செருப்புகூட இல்லாமல் வெறுங்காலோடு வாசிப்பவர். மற்ற மெட்டல்காரர்கள் காலால் அடிக்கும் பெரிய டிரம்முக்கு இரண்டு பெடலை வைத்துக்கொண்டு மிதிக்கிற வேகத்தை ஒற்றைப் பெடலில் மிதிப்பார். 2024 டிசம்பரில் பிரேசிலின் சாவோ பாலோ கச்சேரியோடு அவர் சுற்றுப்பயணங்களிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். அதனால் இனி நேரில் போனாலும் பார்க்க முடியாது. எனக்கு இந்த டிஸ்க்கின் விலை அவர் ஒருவருக்கே சரியாகப் போயிற்று.

குறை ஒன்று உண்டு. 16 பாட்டு, பாட்டுக்குப் பாட்டு ஊர் மாறுகிறது. ஒரு கூட்டத்தோடு மனசு ஒட்டுவதற்குள் அடுத்த நாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். போதாக்குறைக்கு எடிட்டிங்கும் படபடவென்று வெட்டுகிறது. இந்தப் பயணமே 2008 பிப்ரவரி 1 அன்று மும்பையில்தான் தொடங்கியது, ஆனாலும் மும்பைக்குக் கிடைத்தது முதல் பாட்டான 'ஏசஸ் ஹை' மட்டும். அந்தக் கச்சேரியை முழுசாகத் தனி டிஸ்க்காகப் போட்டிருந்தால் அதற்கும் காசு கொடுத்திருப்பேன்.