இஞ்செக்டர் சோதனை விளக்குப் பெட்டி: வண்டி பிடிக்காதபோது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, பேட்டரியில் குறையில்லை, ஆனாலும் எஞ்சின் பிடிக்க மறுக்கிறது என்றால், பெட்ரோல் வரவில்லையா, பிளக்கில் பொறி இல்லையா, அல்லது எஞ்சினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் இஞ்செக்டரைத் திறக்கச் சொல்லும் மின்கட்டளை வந்து சேரவில்லையா என்று பிரித்தறிவதுதான் முதல் வேலை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம்மவர்கள் வீடுகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளில் பல பழையவை. டொயோட்டா டாஸ் தயாரிப்பு 2006-இலும், ஃபோக்ஸ்வாகன் சிட்டி கோல்ஃப் தயாரிப்பு 2009-இலும் நின்றுவிட்டன. அந்த வயதுடைய வண்டியில் வயரும் கனெக்டரும் கடற்காற்றிலும் கோடை மழையிலும் ஊறியிருக்கும். இருந்தும் வண்டி நின்றுவிட்டால் பெட்ரோல் பம்பை மாற்றிப் பார், இஞ்செக்டரை மாற்றிப் பார் என்று பொருள் வாங்குவதிலேயே பலர் இறங்கிவிடுகிறார்கள். அதற்கு முன்னால் கையில் இருக்க வேண்டிய கருவி என்று நான் கருதும் ஒரு சிறு பெட்டியைப் பற்றியே இந்த மதிப்புரை.

கடையில் இதை ‘நாய்ட் லைட்’ என்று கேட்டு வாங்க வேண்டும். உள்ளங்கை அளவுப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் பல நிறங்களில் சிறிய செருகிகள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு விளக்கு, அவ்வளவுதான். இஞ்செக்டரிலிருந்து வயர் கனெக்டரைக் கழற்றி, அந்தக் கனெக்டருக்குள் இந்த விளக்கைச் செருகிவிட்டு, ஒருவரைச் சாவி திருப்பச் சொன்னால் போதும். பெரும்பாலான பெட்ரோல் வண்டிகளில் இக்னிஷன் போட்டிருக்கும்போது இஞ்செக்டரின் ஒரு முனைக்கு 12 வோல்ட் வந்துகொண்டிருக்கும். மறுமுனையை எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ நொடிக்குப் பலமுறை தரையோடு, அதாவது பேட்டரியின் எதிர்முனை சேர்ந்திருக்கும் வண்டி உடலோடு, இணைத்தும் விட்டும் இஞ்செக்டரைத் திறந்து மூடும். ஆகவே செல்ஃப் சுற்றும்போது விளக்கு மினுக்கினால் 12 வோல்ட்டும் இருக்கிறது, ஈசியூவின் கட்டளையும் இருக்கிறது என்று பொருள். விளக்கு எரியவே இல்லையென்றால் இரண்டில் ஒன்று இல்லை. அணையாமல் நிலையாக எரிந்தால் தரைப்பக்க வயர் எங்கோ உடலில் உரசிக்கொண்டிருக்கிறது, அல்லது ஈசியூவுக்குள் அந்த இணைப்பைச் செய்யும் டிரான்சிஸ்டர் பழுதாகி இணைத்தபடியே நிற்கிறது.

இவ்வளவு தெளிவான பதிலை இவ்வளவு எளிதாகத் தரும் கருவி வேறொன்றை நான் பார்த்ததில்லை. மல்டிமீட்டரால் இந்த மினுக்கலை நம்பிக்கையோடு பிடிக்க முடியாது, ஏனெனில் துடிப்பு சில மில்லிநொடிகளே நீடிக்கும். மீட்டரின் எண் ஏதோ சராசரியைக் காட்டிவிட்டுப் போய்விடும். மின்துடிப்பை வரைபடமாகக் காட்டும் ஆசிலோஸ்கோப் இருந்தால் துடிப்பின் வடிவத்தையும், இஞ்செக்டர் மூடும் கணத்தில் எழும் 60 வோல்ட்டுக்கு மேற்பட்ட உதைப்பையும் பார்த்துவிடலாம், ஆனால் வீட்டு முற்றத்தில் வேலை செய்கிறவரிடம் அது எங்கே இருக்கப் போகிறது? விலையைப் பொறுத்தவரை, ஒரு பட்டறைக்காரர் பானெட்டைத் திறந்து பார்ப்பதற்கு வாங்கும் கட்டணத்தைவிடப் பெட்டி குறைவாகவே கிடைக்கிறது.

குறைகளும் உண்டு. நான் வாங்கிய பெட்டியில் பெரும்பாலான செருகிகள் பழைய அமெரிக்க வண்டிகளுக்கானவை. தென்னாப்பிரிக்கச் சாலையில் அவற்றுக்கு வேலையே இல்லை. பாஷ் வகைச் செருகி சிட்டி கோல்ஃப் போன்ற வண்டிகளில் கச்சிதமாக உட்காருகிறது. ஜப்பானிய வண்டிகளின் பழைய கனெக்டரில் அது பூட்டிக்கொள்வதில்லை. கையால் பிடித்துக்கொண்டால்தான் நிற்கிறது, பிடி தளர்ந்தால் மினுக்கல் நின்று தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும். இன்னொன்று, இஞ்செக்டர் சுருளுக்கு நேர்-எதிர் பேதம் கிடையாது என்பதால் கனெக்டரின் எந்தப் பின்னில் (முனையில்) 12 வோல்ட் வரும் என்பதை ஒவ்வொரு கம்பெனியும் தன் விருப்பப்படி வைத்திருக்கிறது. ஒற்றை எல்இடி போட்ட மலிவுச் செருகி ஒரு வண்டியில் எரியும், இன்னொன்றில் எரியாது. இரு பக்கமும் எரியும் எல்இடியோ பழைய இழை பல்போ உள்ள பெட்டியை மட்டுமே வாங்குங்கள். கடையிலேயே ஒரு 9 வோல்ட் பேட்டரியில் இரண்டு திசையிலும் தொட்டுப் பார்த்துவிடலாம்.

செல்ஃப் அடிக்கும்போது ஆக்சிலேட்டரை முழுவதும் அழுத்தக் கூடாது என்பதைச் சாவி திருப்புகிறவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பல வண்டிகளில் அப்படி அழுத்தினால், பெட்ரோல் அதிகமாகி நனைந்த எஞ்சினைக் காய வைக்கும் நோக்கத்தோடு ஈசியூ இஞ்செக்டர்களைத் தானே நிறுத்திவிடும். விளக்கு எரியாது, நல்ல ஈசியூ பழுதாகத் தெரியும். பெட்டிக்குள் இருந்த குறிப்புத் தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது.

நான்கு கனெக்டரிலும் எரியாவிட்டால் இஞ்செக்டர் பக்கமே போகத் தேவையில்லை. முதலில் இக்னிஷனைப் போட்டு 12 வோல்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அது சில வண்டிகளில் மெயின் ரிலே வழியாகவும் சிலவற்றில் நேராக இக்னிஷன் ஸ்விட்ச் வழியாகவும் வரும். 12 வோல்ட் இருந்தும் துடிப்பு இல்லையென்றால் எஞ்சின் சுற்றுவதை ஈசியூவுக்குச் சொல்லும் கிராங்க் சென்சார், திருட்டுத் தடுப்பான இம்மொபைலைசர், ஈசியூவின் தரை இணைப்பு என்று அந்தத் திசையில் தேட வேண்டும். ஒரே ஒரு கனெக்டரில் மட்டும் எரியாவிட்டால் அந்த ஒரு வயரைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் ஒரு சிலிண்டர் வேலை செய்யாததால் மட்டும் வண்டி பிடிக்காமல் போவது அரிது, நடுக்கத்தோடாவது பிடித்துவிடும்.

இந்தக் கருவியின் பெரிய எல்லை எது என்பது டர்பனின் சாட்ஸ்வர்த்தில் எங்கள் பக்கத்து வீட்டு மாமாவின் டாஸ் வண்டியில்தான் தெளிவாகத் தெரிந்தது. “தம்பி, பம்பை மாத்தணும்னு சொல்லிட்டாங்க. பணத்தைக் கட்டுறதுக்கு முன்னாடி நீ ஒரு தடவை பாத்துச் சொல்லு” என்றார். மழை பெய்த மறுநாள் காலையிலிருந்து வண்டி பிடிக்கவில்லை. பொறி நன்றாக இருந்தது, பம்பின் ஓசையும், இஞ்செக்டர்களுக்குப் பெட்ரோல் பிரித்துத் தரும் குழாயான ரெயிலில் அழுத்தமும் இருந்தன. விளக்கைச் செருகினால் நான்கிலும் பளிச்சென்று மினுக்கியது. பெட்டியை மட்டும் நம்பியிருந்தால் மின்சுற்றில் குறையில்லை என்று எழுதிக் கொடுத்துவிடலாம். ஆனால் எல்இடி இழுக்கும் மின்னோட்டம் ஓரிரு பத்து மில்லிஆம்பியர். 14 ஓம் உள்ள இஞ்செக்டர் ஒன்று 12 வோல்ட்டில் இழுப்பதோ ஏறத்தாழ 0.85 ஆம்பியர். ஊசித் துளை வழியாகச் சொட்டும் நீர் நாக்கை நனைக்கும், வயலை நனைக்காது. அரித்துப்போன இணைப்பின் வழியாக எல்இடிக்குப் போதுமான மின்சாரம் வரும், இஞ்செக்டருக்குப் போதாது.

ஆகவே 12 வோல்ட் வரும் வயரின் மீது ஒரு பாரத்தை ஏற்றிப் பார்த்தேன். பிரேக் விளக்கில் போடும் 21 வாட் பல்பின் ஒரு முனையைக் கனெக்டரின் 12 வோல்ட் பின்னிலும், மறுமுனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் வைத்தபோது பல்பு அழுக்கு மஞ்சளாக மட்டுமே எரிந்தது; பாரம் இல்லாதபோது 12 காட்டிய மீட்டர் 6-க்குக் கீழே விழுந்தது. வயரைத் தடவிக்கொண்டே போனதில், ஃபியூஸ் பெட்டிக்குக் கீழே தண்ணீர் தேங்கும் இடத்தில் ஒரு இணைப்பு. தோலை உரித்தால் செம்பு இழைகள் பச்சைத் தூளாக உதிர்ந்தன, விரல் நுனியில் ஒட்டிக்கொண்டன. முழுதாக இருந்தவை மூன்று நான்கு இழைகள்தான். வெட்டி, நல்ல செம்பு தெரியும்வரை பின்னுக்குப் போய், ஈயம் பற்றவைத்துச் சுருங்கு குழாய் போட்டதும் பல்பு வெள்ளையாக எரிந்தது, வண்டியும் பிடித்தது. பம்ப் பழையதே இன்றும் ஓடுகிறது.

இந்தப் பல்புச் சோதனையை 12 வோல்ட் வயரில் மட்டுமே செய்ய வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஈசியூ கட்டுப்படுத்தும் மறு வயரில் 21 வாட் பல்பை மாட்டினால், அதற்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் தாங்க வேண்டியதைவிட அதிகமாக இழுக்கப்படும். அதேபோல இஞ்செக்டர் ‘டிக் டிக்’ என்று தட்டுகிறதா என்று பார்க்கப் பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட்டைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. 2, 3 ஓம் மட்டுமே உள்ள வகை இஞ்செக்டர் அப்படிச் செய்தால் சூடேறிக் கருகிவிடும். முதலில் ஓம் அளந்து பார்க்க வேண்டும்: சாதாரண வகை குளிர்ந்த நிலையில் ஏறத்தாழ 12 முதல் 16 ஓம் வரை காட்டும், நான்கும் ஒன்றுக்கொன்று அருகில் இருக்க வேண்டும்.

பிளாஸ்டிக் பெட்டியின் கீல் சீக்கிரமே உடைந்துவிட்டது. விளக்குகள் இன்னும் உழைக்கின்றன. பாஷ் செருகியும் ஜப்பானிய வண்டிகளுக்கான டென்சோ செருகியும் மட்டும் தனியாக விற்பனைக்குக் கிடைத்தால் அதையே வாங்கச் சொல்வேன், முழுப் பெட்டிக்குக் கொடுக்கும் பணத்தில் பாதி வீண். அதோடு ஒரு பிரேக் பல்பு, முனையில் முள் வைத்த இரண்டு வயர், மலிவான ஒரு மல்டிமீட்டர் ஆகியவற்றைச் சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டும். அவை இல்லாமல் இந்த விளக்கை மட்டும் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

புதிய வண்டிகள் பலவற்றுக்கு இது பொருந்தாது. சிலிண்டருக்குள்ளேயே நேராகப் பெட்ரோல் பீய்ச்சும் எஞ்சின்களில் இஞ்செக்டரைத் திறக்க ஈசியூ 50 முதல் 65 வோல்ட் வரை ஏற்றிக் கொடுக்கிறது; பீசோ இஞ்செக்டர் உள்ள காமன் ரெயில் டீசல் வண்டிகளில் மின்னழுத்தம் 100 வோல்ட்டைத் தாண்டும். அவற்றில் இந்த விளக்கைச் செருகினால் விளக்கும் போகும், கையில் அதிர்ச்சியும் கிடைக்கலாம். எந்த வகை எஞ்சின் என்று உறுதியாகத் தெரியாவிட்டால், பானெட்டின் உள்பக்க ஒட்டியையோ வண்டியின் கையேட்டையோ பார்த்த பிறகே கனெக்டரில் கை வைக்க வேண்டும்.