போஸ்ட்-இட்: பெரிய கம்பெனிக்குள் பிழைத்து வந்த மஞ்சள் தாள்

முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் 3எம் நிறுவனம் செய்யும், ஒட்டி எடுக்கக்கூடிய குறிப்புத்தாளான அசல் போஸ்ட்-இட்டில் எனக்குப் பிடித்தது அதன் அளவான ஒட்டுதல்தான். புத்தகத்தில் ஒட்டி, மறுநாள் எடுத்து வேறு பக்கத்தில் ஒட்டினாலும் நிற்கிறது, எழுத்தைப் பிய்த்துக்கொண்டு வருவதில்லை. தாள்கட்டிலிருந்து மேல்நோக்கி இழுத்தால் தாள் சுருண்டுகொள்ளும், பக்கவாட்டில் இழுங்கள், தட்டையாக வரும். தூசி படிந்த சுவரிலும் சொரசொரப்பான இடத்திலும் சீக்கிரம் விழுந்துவிடும். அதற்கென்றே கூடுதலாக ஒட்டும் ரகம் தனியாக இருக்கிறது.

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. பெரிய நிறுவனத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டே புதிதாக ஒன்றை உருவாக்கப் போராடுகிறவர்கள் இந்தத் தாள் வந்த வழியைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1968-ல் 3எம் விஞ்ஞானி ஸ்பென்சர் சில்வர் வலுவான பசை தேடப் போய், நுண்ணிய உருண்டைகளாக அமைந்த ஒரு லேசான பசையைக் கண்டுபிடித்தார். உருண்டைகள் பரப்பை அங்கங்கே மட்டும் தொடுவதால் ஒட்டவும் செய்யும், உரிக்கவும் வரும். இதைத் தற்செயல் என்று சொல்லிக் கதையை முடித்துவிடுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடே இல்லை. பொருள் அமெரிக்கா முழுக்கக் கடைக்கு வந்தது 1980-ல். நடுவில் போன 12 வருஷத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

சில்வர் கம்பெனிக்குள்ளேயே ஆள் ஆளாகப் பிடித்து இந்தப் பசையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார், எதற்கு உதவும் என்று யாருக்கும் பிடிபடவில்லை. 1974-ல் வேறு பிரிவில் இருந்த ஆர்ட் ஃப்ரை, தேவாலயத்தில் பாடும்போது பாட்டுப் புத்தகத்தில் வைத்த அடையாளச் சீட்டுகள் நழுவி விழுந்து தொல்லை கொடுத்ததால், அந்தப் பசையை நினைத்துக்கொண்டார். வேலை நேரத்தில் 15 சதவீதம் வரை சொந்த யோசனைக்குச் செலவிடலாம் என்ற வழக்கம் அங்கே இருந்தது கை கொடுத்தது. சரி, பசை தாளை விட்டுவிட்டுப் புத்தகத்தோடு போய்விட்டால்? அதற்கு ஹென்றி கோர்ட்னியும் ராஜர் மெரில்லும் பசையைத் தாளோடு பிடித்துவைக்கும் அடிப்பூச்சு ஒன்றை உருவாக்கினார்கள். இந்த இருவர் பெயரை யாரும் சொல்வதில்லை, அவர்கள் வேலை இல்லாவிட்டால் பொருளே இல்லை. மலிவான நகல் ஒன்றை வாங்கி, பக்கத்தில் பிசுபிசுப்பு தங்கியதைப் பார்த்தபோது இதன் அருமை எனக்குப் புரிந்தது.

அப்புறம்தான் பெரிய அடி. 1977-ல் வேறு பெயரில் 4 நகரங்களில் விற்றுப் பார்த்தார்கள், போணியாகவில்லை. பெரும்பாலான கம்பெனிகளில் கோப்பை இங்கேயே மூடிவிடுவார்கள், விற்பனை எண் சரியில்லை, அடுத்த காலாண்டுக்கு பட்ஜெட் கிடையாது, அவ்வளவுதான். இங்கே இருந்தவர்களோ இன்னொன்றையும் பார்த்தார்கள்: கம்பெனிக்குள் இலவசமாகக் கட்டு வாங்கிய செயலாளர்கள் தீர்ந்ததும் திரும்பி வந்து கேட்கிறார்கள். கடையில் பார்ப்பவருக்கு எதற்கென்றே புரியாத சாமான், ஒரு வாரம் கையில் வைத்திருந்தவரால் விட முடியவில்லை. அதனால் 1978-ல் ஐடஹோ மாநிலத்து பாய்சி நகரில் அலுவலகம் அலுவலகமாக சாம்பிள் கொடுத்தார்கள். பயன்படுத்தியவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் காசு கொடுத்து வாங்குவோம் என்றார்கள்.

கேமரா ஃபிலிம் செய்துவந்த கோடாக் கம்பெனியிலும் 1975-ல் ஸ்டீவ் சாசன் என்ற பொறியாளர் டிஜிட்டல் கேமராவைச் செய்து கையிலேயே காட்டினார். ஃபிலிம் வியாபாரம் கொழித்துக்கொண்டிருந்த நேரம், நிர்வாகம் அதைத் தள்ளிப்போட்டது. 2012-ல் திவால் மனு போட்டார்கள். ஆக செய்து காட்டிய பொருள் மட்டும் இருந்தால் போதாது, தோற்ற பிறகும் இன்னொரு தடவை பார்க்கலாம் என்று சொல்லும் மேலதிகாரி வேண்டும். நான் பார்த்த அலுவலகங்களில் அந்த ஆளுக்குத்தான் பஞ்சம். முதல் ப்ரெசன்டேஷனிலேயே சந்தை எவ்வளவு பெரியது என்று கேட்டு ஆளை உட்கார வைத்துவிடுகிறார்கள்.

பொருளுக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நாலரை. அரை மார்க் குறைத்ததற்குக் காரணம் உண்டு: வருஷக்கணக்கில் ஒட்டியே வைத்திருந்தால் பசை மெல்லிய படலமாகப் புத்தகத் தாளில் தங்கிவிடும், பிறகு அதில் தூசி சேரும். பழைய, அரிய புத்தகங்களில் மட்டும் ஒட்டாதீர்கள், சாதாரணத் துண்டுத்தாளைச் செருகி வையுங்கள்.