தெளிந்த எண்ணெயும் சிக்கிய வால்வும்: நான்கு ஆண்டு அனுபவம்

மின்சைகைக்கு ஏற்ப எண்ணெய் ஓட்டத்தை நுட்பமாகக் கட்டுப்படுத்தும் சர்வோ வால்வு இரண்டாம் முறையாகப் பழுதுபார்ப்புக்குப் போய் வந்த வாரத்தில், குரூப் 2 அடிப்படை எண்ணெயில் தயாரான ஹைட்ராலிக் எண்ணெய்க்கு மாறலாமா என்று நண்பர் கேட்டார். வால்வைக் கழற்றிய அன்றே கேட்டிருந்தால் பதில் இவ்வளவு நாகரிகமாக வந்திருக்காது.

எங்கள் பிரஸ் இயந்திரத்தில் ஐஎஸ்ஓ விஜி 46 என்னும் பாகுநிலைத் தரத்தில் நான்கு ஆண்டுகளாக இந்தக் குரூப் 2 எண்ணெய்தான் ஓடுகிறது. அதற்கு முன் இருந்தது கரைப்பான் முறையில் சுத்திகரித்த குரூப் 1. குரூப் 2 எண்ணெயில் ஹைட்ரஜனைக் கொண்டு பதப்படுத்துவதால் கந்தகம் 0.03 விழுக்காட்டைத் தாண்டாது, நிறைவுற்ற ஹைட்ரோகார்பன்கள் 90 விழுக்காட்டுக்குக் குறையாது. பழைய எண்ணெய் ஓராண்டிலேயே கருஞ்சிவப்பாகிவிடும். இதுவோ, தொட்டியின் அளவுக் கண்ணாடியில் டார்ச் அடித்துப் பார்த்தால்தான் மட்டம் தெரியும் என்னும்படி இன்றும் தெளிவாக நிற்கிறது. ஆய்வக அறிக்கைகளில் பாகுநிலையும் அமில எண்ணும் ஏறக்குறைய அசையவே இல்லை. மாற்றிய புதிதில், பழைய எண்ணெயில் உப்பியிருந்த ஓ-ரிங்குகள் சுருங்கிக் கசிந்தன. புதியவற்றைப் போட்டதும் அது தீர்ந்தது.

தீராதது வால்வுதான். காலையில் இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது, வால்வுக்குள் முன்னும் பின்னும் நகரும் தண்டான ஸ்பூல் சிக்கிக்கொள்ளும், அரை மணி நேரம் ஓடிச் சூடானதும் ஒன்றுமே நடக்காததுபோல் வேலை செய்யும். ஆகவே மின்பகுதியில்தான் கோளாறு என்று நம்பி, காயிலையும் கன்ட்ரோல் கார்டையும் வீணாக மாற்றினோம். கழற்றிப் பார்த்தபோது ஸ்பூலின் மீது தேன் நிறத்தில் மெல்லிய படலம் ஒன்று படிந்திருந்தது. துணியால் எவ்வளவு தேய்த்தும் வராத அது, கரைப்பானில் நனைத்ததும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. இதைத்தான் வார்னிஷ் என்கிறார்கள். எண்ணெய் ஆக்சிஜனேற்றம் அடையும்போது உண்டாகும் முனைவுள்ள பொருள்களைக் குரூப் 1 எண்ணெயிலுள்ள அரோமாட்டிக்குகள் (வளைய அமைப்புள்ள ஹைட்ரோகார்பன்கள்) ஓரளவு கரைத்து வைத்திருக்கும். அரோமாட்டிக்குகளைப் பெரும்பாலும் நீக்கிவிட்ட குரூப் 2 எண்ணெய்க்குக் கரைக்கும் திறன் குறைவு என்பதால், குளிர்ந்த பரப்பு கிடைத்த இடத்தில் அந்த முனைவுள்ள பொருள்கள் படிந்துவிடுகின்றன. ஸ்பூலைச் சுற்றியுள்ள இடைவெளியே சில மைக்ரான்கள்தான். நிறத்தைப் பார்த்து எண்ணெயை மதிப்பிடும் என் பழக்கம் இங்கே உதவவில்லை. சவ்வு வடிகட்டியில் படியும் கறையின் நிறத்தை அளக்கும் சோதனையை முதலாண்டிலேயே கேட்டிருக்க வேண்டும்.

எண்ணெயை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. மிகை அழுத்தத்தை வெளியேற்றும் ரிலீஃப் வால்வு ஓயாமல் திறந்துகொண்டிருந்ததால், இயந்திரம் ஓடும் நேரமெல்லாம் தொட்டி 70 டிகிரியில் இருந்தது. 10 டிகிரி ஏறினால் ஆக்சிஜனேற்ற வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று தெரிந்தும், கூலரைச் சுத்தம் செய்வதைத் தள்ளிப்போட்டவன் நான்தான்.

நண்பரின் இயந்திரத்தில் சர்வோ வால்வு கிடையாது, சாதாரணக் கைநெம்பு வால்வுகள்தான். அவர் தயங்காமல் மாறலாம் என்றேன். நானோ, குரூப் 1 ஆலைகள் மூடப்பட்டு வருவதும், எண்ணெயை இன்னும் அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும் என்பதும் தெரிந்தே, அடுத்த நிரப்பலுக்குப் பழைய எண்ணெயையே சொல்லி வைத்துவிட்டேன்.