கால் வலிக்கு மர உருளை: எதை வாங்குவது, எப்படி உருட்டுவது

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மரக் கால் உருளைகளில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் உருளை முழுக்கக் கூர்ப் பற்கள், மற்றதில் வளையம் வளையமாக வரிப்பள்ளம். கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டுவது பல் வைத்ததைத்தான். வேண்டாம். நாளெல்லாம் நின்று நொந்த பாதத்தில் முனை குத்தினால் சதை தளராது, இன்னும் இறுகிக்கொள்ளும். வரிப்பள்ளம் போதும்.

வாங்குமுன் கவிழ்த்துப் பாருங்கள். உருளைகளை இரும்புக் கம்பியில் கோத்து, இரு முனையையும் மரச் சட்டத்தில் செருகியிருப்பார்கள். விரலால் சுண்டினால் உருளை தடங்கலில்லாமல் சுற்ற வேண்டும். கம்பி முனை வெளியே துருத்தக் கூடாது. அடியில் ரப்பர் இல்லையென்றால் டைல்ஸ் தரையில் வழுக்கிக்கொண்டு ஓடும். பழைய யோகா பாய்த் துண்டு ஒன்றை அடியில் போட்டால் நிற்கும்.

நாற்காலியில் உட்கார்ந்துதான் உருட்ட வேண்டும். விரல்களின் அடிமேட்டிலிருந்து குதிகாலுக்குச் சற்று முன்பு வரை, போக ஒரு மூச்சு, வர ஒரு மூச்சு. ஒரு காலுக்கு இரண்டு மூன்று நிமிடம். பலர் எழுந்து நின்று முழு எடையையும் போட்டு அழுத்துகிறார்கள். கம்பி வளைவதோடு வலியும் கூடும், உருளை நழுவினால் ஆளே விழலாம். குதிகால் எலும்பின் மேல் தேய்ப்பதும் வீண்.

இந்த உருளை எட்டாத இடம் ஆடுசதை. காலையில் கட்டிலைவிட்டு இறங்கி வைக்கும் முதல் அடியிலேயே குதிகால் சுரீர் என்றால், பெரும்பாலும் உள்ளங்காலில் ஓடும் தசைநார்ப் பட்டைதான் நொந்திருக்கும். இறுகிய ஆடுசதை குதிகாலை மேலே இழுக்க, பட்டையில் விறைப்பு ஏறுகிறது. அதற்குச் சுவர் போதும், காசில்லை. சுவரில் கை ஊன்றி, வலிக்கும் காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையைவிட்டு எழாமல் முன்னே சாயுங்கள். முழங்காலை நீட்டி 30 விநாடி, லேசாக மடக்கி 30 விநாடி, மும்மூன்று முறை. நீட்டும்போது மேல் சதையும், மடக்கும்போது அதன் அடியில் இருக்கும் சதையும் இழுபடும். ஒன்றை மட்டும் செய்தால் பாதிப் பலன்தான்.

எரிச்சலோடு வலித்தால் உருளையை ஓரமாக வைத்துவிட்டு, அரை லிட்டர் பாட்டிலில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றி (நிரப்பினால் உறையும்போது வெடிக்கும்) ஃப்ரீசரில் உறையவைத்து, துணி சுற்றி 10 நிமிடம் உருட்டலாம். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்கு ஐஸும் கூடாது, உருளையும் கூடாது. தோல் புண்ணானாலும் தெரியாது. ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக இருந்து ஆடுசதை வலித்தால் தேய்க்கவே வேண்டாம். ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றே மருத்துவரிடம் போங்கள்.

உருளை கிறீச்சிட்டால் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், தூசி சேர்ந்து பிசுக்காகிவிடும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். தண்ணீரில் கழுவினால் மரம் உப்பி உருளை மாட்டிக்கொள்ளும். ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவிடுங்கள்.