நாட்கூலியா, மாதச் சம்பளமா? அம்பாறை ரைஸ் மில்களுக்கு ஓர் ஒப்பீடு

பெரும்போக அறுவடையில் சம்மாந்துறைப் பக்க மில்களுக்கு ஆட்கள் பற்றாது. நாட்கூலி அப்போது கைகொடுக்கும்: வேலை உள்ள நாளுக்கு மட்டும் சம்பளம். ஆனால் பக்கத்து மில் சற்றுக் கூட்டிக் கொடுத்தால் ஆள் மறுநாளே மாறிவிடுவார். மெஷின் பழகியவர் போனால் உடைவரிசி கூடும், நட்டம் அங்கேதான்.

மாதச் சம்பளத்தில் ஆள் நிற்பார். வேலை குறைந்த மாதங்களிலும் செலவு உண்டு. 60,000 ரூபா சம்பளத்துக்கு முதலாளி ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) 12% (7,200), ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ETF) 3% (1,800) கட்ட வேண்டும். சேமலாப நிதிக்கு ஊழியரின் பங்கு 8% (4,800).

நாட்கூலிக்கு இது இல்லை என்று பலர் நினைப்பது தவறு. தற்காலிக ஆளுக்கும் முதல் நாளிலிருந்தே சேமலாப நிதி உண்டு. 15 பேருக்குக் குறையாத மில்லில் 5 வருடம் முடித்தவருக்கு, வேலையை விட்டுப் போகும்போது கொடுக்கும் பணிக்கொடையும் உண்டு: மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், நாட்கூலிக்கு 14 நாள் கூலி.

ஆகவே மெஷின், கணக்கு, தரம் பிரிக்கும் பெண்கள் மாதச் சம்பளத்தில். மூட்டை ஏற்றுவோர் நாட்கூலியில், வரவுப் பதிவேட்டோடு. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தை வேலை அட்டவணையிலேயே எழுதிவிடுங்கள். கேட்டு நிற்க வைக்காதீர்கள்.