டிஜிலாக்கர் செயலி: ஆவணம் நம் போனில், அதிகாரம் எவ்வளவு?

இந்திய அரசின் டிஜிலாக்கர் செயலியைப் பலரும் ஓட்டுநர் உரிமத்தையும் ஆர்சி புக்கையும் போக்குவரத்துக் காவலரிடம் காட்டுவதற்காகவே போனில் வைத்திருக்கிறார்கள். அந்த வேலையை அது ஒழுங்காகச் செய்கிறது. ஆனால் நம்மைப் பற்றிய விவரங்களை யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாளைக்குக் கொடுப்பது என்பதை நாமே தீர்மானிக்க இந்தச் செயலி எந்த அளவுக்கு உதவுகிறது என்பதை வைத்தே இதை மதிப்பிட வேண்டும் என்று கருதுகிறேன். தனியுரிமை ஓர் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்த நாட்டில், இது தள்ளிவைக்கக்கூடிய கேள்வி அல்ல.

2015இல் தொடங்கப்பட்ட இந்தச் சேவையில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன; இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை. நாமே ஸ்கேன் செய்து ஏற்றிவைக்கும் ஆவணங்களுக்கு 1 ஜிபி இடம் கிடைக்கிறது; அவை வெறும் நகல்கள்தான். துறைகளிடமிருந்து நேரடியாக வந்துசேரும் ஆவணங்களுக்கோ, 2016ஆம் ஆண்டு விதிகளிலும் 2017இல் அவற்றில் செய்யப்பட்ட திருத்தத்திலும் சொல்லப்பட்டபடி, அசலுக்கு இணையான மதிப்பு உண்டு. இந்த ஆவணங்கள் செயலிக்குள் குடியிருப்பதில்லை. அங்கே இருப்பது ஓர் இணைப்பு மட்டுமே. நாம் திறக்கும்போது சம்பந்தப்பட்ட துறையின் பதிவேட்டிலிருந்து அது எடுத்துவரப்படுகிறது. போலிச் சான்றிதழ் கொடுக்க முடியாமல் போவதற்கு இதுவே காரணம். அதே காரணத்தால், பதிவேட்டில் பிழை இருந்தால் செயலியிலும் பிழைதான் தெரியும். அதைத் திருத்த அந்த அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும்.

தமிழர்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான் இருக்கிறது. அது மதிப்பெண் சான்றிதழில் பெயருக்கு முன்னாலும், ஆதாரில் பெயருக்குப் பின்னாலும், பான் அட்டையில் தந்தையின் முழுப் பெயராக விரிந்தும் இருப்பது இங்கே சர்வசாதாரணம். ஆதாரில் உள்ள பெயரோடு துறையின் பதிவேட்டில் உள்ள பெயரை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் பல ஆவணங்கள் கொடுக்கப்படுகின்றன என்பதால், இனிஷியல் இடம் மாறியிருந்தாலே விவரங்கள் பொருந்தவில்லை என்று மறுப்பு வந்துவிடக்கூடும். தன் பெயரைத் தான் எழுதும் முறையில் ஏற்றுக்கொள்ளாத ஓர் அமைப்பில், அடையாளம் தன் கையில் இருப்பதாக ஒருவர் எப்படி உணர முடியும்? முதலில் சரிசெய்யப்பட வேண்டியது இதுதான்.

என்னைக் கவர்ந்த பகுதி, ஒப்புதல் கேட்கும் திரை. வங்கியோ முதலீட்டு நிறுவனமோ நம் ஆவணங்களைக் கேட்கும்போது, எந்தெந்த ஆவணங்கள், என்ன நோக்கத்துக்காக, எந்தத் தேதி வரை என்று ஒரு பட்டியல் வருகிறது. அவசரத்தில் பலரும் அதைப் படிக்காமலேயே அனுமதித்துவிடுகிறார்கள். ஆனால் அந்தத் திரையிலேயே ஒப்புதலின் கடைசித் தேதியை மாற்றவும், முழுவதையும் மறுக்கவும் இடம் இருக்கிறது. அரசுச் சேவை ஒன்றில் இவ்வளவு தெளிவாக அனுமதி கேட்கப்படுவது நான் மனமாரப் பாராட்டும் விஷயம். ஆனால் அந்தத் தேதி கடந்துவிட்டது என்பதற்காக, ஏற்கெனவே வெளியே போன நகல் தானாக அழிந்துவிடாது. அதை அழிக்கச் சொல்லும் உரிமையை 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தருகிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் படிப்படியாகத்தான் நடைமுறைக்கு வருகின்றன.

பெரிய குறை வேறொன்று. ஆவணத்தை முழுதாகத்தான் காட்ட முடிகிறது. பதினெட்டு வயது நிரம்பியவர் என்று மட்டும் நிரூபிக்க வேண்டிய இடத்திலும் பிறந்த தேதி, முகவரி, புகைப்படம் எல்லாம் சேர்ந்தே போகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய சட்டத்தின்படி, அதன் உறுப்பு நாடுகள் 2026 முடிவதற்குள் குடிமக்களுக்குக் கொடுக்க வேண்டிய அடையாளச் செயலியில், தேவையான ஒரு விவரத்தை மட்டும் பிரித்துக் காட்டும் வசதி கட்டாயம் இருக்க வேண்டும். டிஜிலாக்கரிலும் அது வர வேண்டும். ஒரு தங்கும் விடுதியில் போனில் இருந்த ஆவணத்தைக் காட்டியபோது, வரவேற்பில் இருந்தவர் அதை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார். எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்திலிருந்து எடுத்துக் கொடுத்த பிறகுதான் அறை கிடைத்தது. அந்த மறைத்த ஆதார் பற்றி அந்த ஊழியருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

உள்நுழைவதற்கு ஓடிபியும் ஆறு இலக்கப் பின் எண்ணும் போதும். எளிமைதான், ஆனால் எல்லாம் ஒரு சிம் கார்டைச் சார்ந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் தேர்ந்தெடுத்திருக்கும் முறையில் அடையாளத்தின் சாவி பயனாளரின் கட்டுப்பாட்டிலேயே இருக்க வேண்டும்; இங்கே ஆதாரோடு இணைந்த எண்ணுக்கு வரும் குறுஞ்செய்திதான் சாவி.

இத்தனைக்குப் பிறகும் இந்தச் செயலியைப் பயன்படுத்தும்படியே சொல்வேன். மதிப்பெண் சான்றிதழுக்கும் ஓட்டுநர் உரிமத்துக்கும் ஜெராக்ஸ் எடுத்துக் கடைக்குக் கடை நம் விவரங்களை விட்டுவருவதைவிட இது எவ்வளவோ மேல். எதையெதை யாரோடு பகிர்ந்திருக்கிறீர்கள் என்ற பதிவை அவ்வப்போது பார்த்து, வேண்டாத ஒப்புதல்களை ரத்துசெய்துவிடுங்கள். பழைய மொபைல் எண்ணைக் கைவிடுவதாக இருந்தால், ஆதாரில் புதிய எண்ணைப் பதிந்துவிட்டு அதன் பிறகு கைவிடுங்கள்.