ஈர உணவா, உலர் உணவா? பூனையின் நாக்கைக் கேட்போம்

டப்பாவில் வரும் குழைவான ஈர உணவா, மொறுமொறுப்பான உலர் உருண்டைகளா என்பது பூனை வளர்ப்பவர்களிடையே தீராத வழக்கு. இரு தரப்பும் விலையையும் வசதியையுமே பேசிக்கொண்டிருக்கின்றன. உண்ணப்போவது பூனை. அதன் நாக்கை வைத்தே இரண்டையும் எடைபோடுவதுதான் முறை.

முதலில் இனிப்பு. பூனைக்கு அது தெரியவே தெரியாது. நாக்கில் இனிப்பை உணரும் அமைப்பான ஏற்பிக்கு இரண்டு புரதங்கள் தேவை. அவற்றுள் ஒன்றை உருவாக்கும் மரபணு பூனையிடம் சிதைந்து கிடக்கிறது. சுவையையும் மணத்தையும் ஆராயும் பிலடெல்பியாவின் மோனெல் மைய ஆய்வாளர்கள் 2005-இல் இதை வெளியிட்டார்கள். புலிக்கும் சிவிங்கிப்புலிக்கும் இதே குறைதான். வழக்கமான உலர் உருண்டைகளோ மாவுச்சத்து இல்லாமல் உருப்பெறாது; தானியமோ கிழங்கோ பருப்போ சேர்த்தாக வேண்டும். அந்தப் பங்கில் பூனையின் நாக்குக்கு ஈர்ப்பு ஏதுமில்லை. அதனால்தான் கொழுப்பையும், நொதிகளால் கரைத்த ஈரல், இறைச்சிச் சாற்றையும் உருண்டைகளின் மேல் பூசுகிறார்கள். பூனை ஆவலோடு கடிப்பது பெரும்பாலும் இந்தப் பூச்சுக்காகத்தான். பையைத் திறந்து வைத்தால் காற்றுப்பட்டுக் கொழுப்பு சிக்குப்பிடிக்கும். நேற்றுவரை விரும்பித் தின்ற உணவைப் பூனை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். அதைப் பிடிவாதம் என்று திட்டுவது நியாயமில்லை.

ஈர உணவின் பலம் உமாமி, அதாவது இறைச்சிக்கும் மீனுக்கும் உரிய சுவை. பூனையின் உமாமி ஏற்பி நன்றாகவே வேலை செய்கிறது என்பதையும், சூரை மீனில் மிகுந்திருக்கும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம், இனோசின் மோனோபாஸ்பேட் என்ற உமாமிப் பொருள் ஆகியவற்றின் கூட்டு பூனைகளுக்கு மிகவும் பிடிக்கிறது என்பதையும் 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் எல்லா ஈர உணவும் ஒன்றல்ல. மாவு கரைத்த குழம்பில் நான்கு துண்டு மிதந்தாலும் அது ஈர உணவுதான். பொருள்பட்டியலைப் படித்துத்தான் வாங்க வேண்டும்.

மனிதர்களுக்குப் பல ஆயிரம் சுவை மொட்டுகள். பூனைக்கு ஏறக்குறைய 470 மட்டுமே. அந்தக் குறையை மூக்கு ஈடுகட்டுகிறது. குளிர்பெட்டியிலிருந்து அப்படியே எடுத்து வைக்கும் ஈர உணவில் மணம் அடங்கிக் கிடக்கும். உடல் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கினால் அதே உணவை விரும்பி உண்ணும். நெடுநேரம் தட்டில் கெடாமல் இருப்பதில் உலர் உணவுதான் மேல். பல்லைச் சுத்தம் செய்யும் என்ற வாதம் மட்டும், பற்களுக்கென்றே தயாரித்த வகைகளைத் தவிர, பெரிதாகத் தேறாது.

எனக்கு முடிவைத் தந்தது தண்ணீர். பூனை நாக்கால் நீரை அள்ளுவதில்லை. நுனியால் நீர்ப்பரப்பைத் தொட்டுச் சட்டென்று இழுக்கிறது. கூடவே மேலெழும் மெல்லிய நீர்த்தாரை விழுவதற்குள் வாயை மூடிக்கொள்கிறது. அதிவேகக் கேமராவில் பதிவு செய்து, இந்த இயக்கத்தை 2010-இல் விளக்கினார்கள். நொடிக்கு நான்கு முறை வரை நக்கினாலும், ஒரு நக்கலில் கிடைப்பது ஒரு மில்லிலிட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே. 100 மில்லிலிட்டர் குடிக்கப் பல நூறு தடவை நக்க வேண்டும். உலர் உணவில் ஈரம் சுமார் 10 சதவீதம், ஈர உணவில் 75 சதவீதத்துக்கு மேல். உலர் உணவு தின்னும் பூனை கிண்ணத்தில் கூடுதலாகக் குடிக்கும் என்பது உண்மை. ஆனாலும் மொத்தத்தில் உடலுக்குள் போகும் நீர் குறைவே. சிறுநீர்ப் பாதையில் கல் வந்த பூனைக்கு இது சாதாரண வித்தியாசமில்லை.

ஆகவே ஈர உணவைப் பிரதானமாகவும், உலர் உணவைச் சிறு பங்காகவும் வைப்பதே என் தேர்வு. குட்டியிலிருந்தே உருண்டைகளை மட்டும் தின்று பழகிய பூனை குழைவான உணவைத் தொட மறுக்கலாம். ஒரு வாரம், பத்து நாள் எடுத்துக்கொண்டு சிறிது சிறிதாகக் கலந்து மாற்றுங்கள். பசித்தால் தானே தின்னும் என்று பட்டினி போடாதீர்கள். சில நாள் உண்ணாத பூனைக்கு, அதிலும் பருத்த பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். ஒரு நாள் முழுவதும் எதையும் தொடவில்லை என்றால் பழைய உணவையே வைத்துவிட்டு, கால்நடை மருத்துவரிடம் பேசுங்கள்.